மிலாறு யாருக்கு?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குச் செங்கல்பட்டில் நல்ல அரங்கு ஒன்று ஏற்பாடாகியிருந்தது. படாளத்தில் வைத்தால் வருகிறேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உயிரி ஆற்றலும் கிராமத்து ஏழ்மையும் என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, கரும்பு வண்டி வரிசை நிற்கும் ஊரை விட்டு வேறெங்கோ நின்று பேச மனம் வரவில்லை. பாலாற்றுப் பாலம் தாண்டி, மாமண்டூர் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் வருகிறவர்களுக்கு அரவைப் பருவத்தில் இந்த ஊர் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். வெல்லமும் புளிப்பும் கலந்த அந்த வாசனைக்கு அப்புறம்தான் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையின் புகைபோக்கி கண்ணில் படும். டிராக்டருக்குப் பின்னால் ஓடி ஒரு கரும்பை உருவிக்கொண்டு, வசவு வாங்கிக்கொண்டு, மதகடியில் உட்கார்ந்து கடித்த பையன்களில் நானும் ஒருவன். பிறகு முப்பது ஆண்டு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். இன்று சொல்லப்போவதில் பாதி அந்த மதகடியில் தெரிந்துகொண்டது.

உயிரி ஆற்றல் என்றால் ஏதோ புதிய சங்கதி என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். உங்கள் பாட்டி ஊதாங்குழலால் ஊதி மூட்டிய அடுப்பு உயிரி ஆற்றல். வறட்டி உயிரி ஆற்றல். உமி அடுப்பும் அதுதான். மரம், பயிர், சாணம் இவற்றிலிருந்து வரும் தீ எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கும். கைக்கு எட்டியதைப் பொறுக்கி எரித்த காலம் போய், அது ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும் போகிற காலம் வந்திருக்கிறது. மாறியது அது ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் யார் கையிலிருந்து எது நழுவியது என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு டன் கரும்பை எடுத்துக்கொள்வோம். ஆலைக்குள் போனால் ஏறத்தாழ 90 கிலோ சர்க்கரை; கரும்பில் சர்க்கரைச் சத்து நன்றாக இருந்தால் 100 கிலோ. ஈரத்தோடு 300 கிலோ சக்கை. 40, 45 கிலோ மொலாசஸ். சாற்றை வடிகட்டியதும் மிஞ்சும் சேறான பிரஸ்மட் 30 கிலோவுக்கு மேல். சக்கை கொதிகலனில் எரிந்து நீராவியாகி ஆலையை ஓட்டுகிறது. உயர் அழுத்தக் கொதிகலன் இருந்தால் மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கலாம். அதே சக்கையில் காகிதமும் செய்யலாம். புகளூர் காகித ஆலை 1980-களிலிருந்து அப்படித்தான் செய்கிறது. ஒரு டன் மொலாசஸில் 220 லிட்டருக்கு மேல் சாராயம் வரும். அதிலிருந்து நீரை முழுக்க நீக்கினால் எத்தனால். பிரஸ்மட் உரமாகும், இப்போது எரிவாயுவும் ஆகிறது. ஒரு காலத்தில் சக்கை ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும். எடுத்துப் போனால் போதும் என்றிருந்தார்கள். இன்று இவற்றில் எதற்கும் கழிவு என்ற பெயர் பொருந்தாது.

கழிவுக்கு விலை வந்தால் அந்த விலை யாருக்குச் சேர வேண்டும்? விவசாயிகள் இதைக் கேட்டுக் கேட்டு ஒரு விடை வாங்கியிருக்கிறார்கள். 2012-இல் ரங்கராஜன் குழு ஒரு சூத்திரம் சொன்னது. சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் ஆகியவற்றின் வருவாயையும் சேர்த்தால் அதில் 70 விழுக்காடு, சர்க்கரையை மட்டும் கணக்கிட்டால் 75 விழுக்காடு கரும்பு கொடுத்தவருக்கு. தமிழ்நாடு 2018-இல் சட்டம் போட்டு இந்த வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. அதனால் மாநில அரசின் பரிந்துரை விலை போயிற்று என்று விவசாயச் சங்கங்களுக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் சக்கையில் எனக்குப் பங்கு உண்டு என்று எழுத்தில் காட்ட விவசாயியிடம் ஒரு தாள் இருக்கிறது.

கரும்பு வெட்டுகிறவரிடம் அந்தத் தாள் இல்லை. அவருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று வெட்டுக்கூலி. அதற்கு மேல் கிடைப்பது கரும்பின் நுனித் தோகையான கொழுந்தாடை. மாலையில் வெட்டு முடிந்ததும் கொழுந்தாடையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரப்பில் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டுதான் அவர்கள் வீட்டு மாட்டின் இரவுத் தீவனம். நிலத்தில் கிடக்கும் காய்ந்த தோகை கூரைக்கும் அடுப்புக்கும் ஆகும். இப்போது அந்தத் தோகையை இயந்திரம் வைத்துச் சுருட்டிக் கட்டாக்கிக் கொதிகலனுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். வயலிலேயே போட்டு எரித்துப் புகையாக்குவதைவிட அது மேல்தான், மறுக்கவில்லை. மூடாக்காகப் போட்டு மட்க விட்டால் மண்ணுக்கு அதைவிட மேல். ஆனால் அந்த இயந்திரம் வயலில் இறங்கும் அன்றைக்கு, தலையில் கட்டோடு போன பெண்ணின் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் இருக்காது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. கரும்பு வயலில் இல்லாவிட்டாலும், சென்ற கோடையில் மதுராந்தகம் வட்டத்தில் ஓர் ஏரியில் இதே போல நடந்ததைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், பத்து ஊரில் இதே கதைதான். ஏரி முழுக்க வேலிகாத்தான் மண்டியிருந்தது. தெற்கே சீமைக்கருவேலம் என்பார்கள், நமக்கு வேலிகாத்தான். 1870-களில் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வெளிநாட்டு விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தில் கடப்பைப் பக்கம் நட்டது; பிறகு யாரும் நடாமலே ஊரெல்லாம் பரவியது. அந்த மரங்களை வெட்ட ஏலம் முறைப்படி நடந்திருந்தது, பணம் கட்டி ரசீது வாங்கியிருந்தார்கள். கரையில் ஒரு பொக்லைன். அதற்குப் பக்கத்தில் டிராக்டரோடு இணைத்த ஒரு சிப்பர் இயந்திரம். பொக்லைன் வேரோடு பிடுங்கிப் போடுகிறது. நான்கு பேர் அரிவாளால் கழிக்கிறார்கள். கட்டையைத் தனியே லாரியில் அடுக்குகிறார்கள். மிச்சம் கிடக்கும் மிலாறு என்னும் சிறு கிளை, கொப்பு, அதோடு முள், இலை எல்லாவற்றையும் அள்ளி சிப்பரின் வாயில் கொடுக்கிறார்கள். அது ஒரு நொடி இரைந்து மறுபக்கம் தூளாகத் துப்புகிறது. தூள் தொழிற்சாலைக் கொதிகலனுக்கு.

கரையில் ஓர் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது, அறுபத்தைந்து இருக்கும். கையில் அரிவாளும் சும்மாடும் இருந்தன, கட்டு இல்லை. "என்னம்மா உட்கார்ந்துட்டீங்க" என்றேன். "முன்னல்லாம் கட்டைய அவங்க எட்த்துனு பூடுவாங்க, மிலாறு எங்களுக்கு. இப்ப அந்த மிஷினு மிலாறத்தான் மொதல்ல துன்னுது சார்" என்றார். வீட்டில் கேஸ் இணைப்பு இருக்கிறது. வருஷத்தில் மூன்று சிலிண்டர் வாங்குவதே பெரும்பாடு. சோறு கேஸில் ஆகும். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, வேர்க்கடலை அவிக்க என்று மற்றதெல்லாம் விறகில்தான். மிலாறு இல்லாவிட்டால் வாங்க வேண்டும். நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியில் எவ்வளவு விறகுக்குப் போகும் என்று அவர் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார்.

இதில் தப்பு செய்தவர் யார்? ஏலம் எடுத்தவர் பணம் கட்டியிருக்கிறார். வேலிகாத்தானை அகற்றினால் ஏரிக்கு நல்லது. உயர் நீதிமன்றமும் அதை அகற்றச் சொன்னது, 2022-இல் அரசும் அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. நிலக்கரிக்குப் பதிலாக மரத்தூள் எரித்தால் காற்றில் புதிதாகச் சேரும் கரி குறையும் என்று தொழிற்சாலை சொல்கிறது. எல்லாருடைய காகிதமும் சரியாக இருக்கிறது. அந்த அம்மாவின் மிலாறு மட்டும் போய்விட்டது. போனதற்குச் சாட்சி கிடையாது, ஏனென்றால் அது அவருடையது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

எழுதியிருந்த காலம் ஒன்று உண்டு. அதுவும் நம் மாவட்டத்தில்தான். 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து கணக்கெடுத்தார். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்ததே அதற்கு அடிப்படை. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இந்தக் கணக்குகளை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஏரி இவ்வளவு, காடு இவ்வளவு, மேய்க்கால் இவ்வளவு, உப்பளம் இவ்வளவு என்று ஊர்தோறும் இருக்கிறது. அதைவிட முக்கியம், களத்துமேட்டில் நெல் குவிந்ததும் அளப்பதற்கு முன்னால் யார் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு இருக்கிறது. தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, வெட்டியாருக்கு, ஏரி மடை திறக்கிறவருக்கு என்று. அந்தப் பங்குக்குச் செங்கல்பட்டுச் சீமையில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம். குவியலில் எனக்குள்ள பிடி என்பதுதான் இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள்களில் ஒன்று.

அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பங்கு சாதியோடு கட்டியிருந்தது. கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. நிலம் முழுக்க, பயிரிடாத தரிசும் சேர்த்து, மிராசுதாரர் பிடியில். ஆங்கிலேய அதிகாரி எல்லீஸ் துரை 1818-இல் மிராசு உரிமை பற்றி எழுதிய நூலே அந்தத் தரிசு யாருடையது என்ற வழக்கைச் சுற்றித்தான் வருகிறது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். தரிசு கிடக்கிறது, உழைக்கிற கை கிடக்கிறது, இரண்டையும் சேரவிடாமல் மேல்தட்டார் தடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். அதன் பயனாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்து, அந்த மக்களுக்கென்று பஞ்சமி நிலம் என்ற வகை உண்டாயிற்று. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பதும் நமக்குத் தெரியும். மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். தரிசு என்ற சொல்லை இந்த மாவட்டத்தில் லேசாகச் சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு ரத்தம் சிந்தியிருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று இருக்கும். இந்த வகைகள் எல்லாம் அரசுக்கு வரி வருகிறதா என்ற ஒரே கேள்வியில் பிறந்தவை. வரி வராத நிலத்தில் ஆடு மேயும், விறகு விளையும், கோரை வளரும், கீரை கிடைக்கும். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை டெல்லியில் இருப்பவர் வெற்றிடம் என்று எடுத்துக்கொள்கிறார்.

2003-இல் நடந்தது அதுதான். மத்தியத் திட்டக்குழு அமைத்த குழு காட்டாமணக்கைக் கையில் எடுத்தது. 1 கோடியே 34 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் பயிரிடலாம், அதில் தரிசும் அடங்கும், 2011-12-க்குள் டீசலில் 20 விழுக்காடு காட்டாமணக்கு எண்ணெய் கலக்கலாம் என்றது. தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. கடன் கொடுத்தார்கள், நாற்று கொடுத்தார்கள், ஒப்பந்தச் சாகுபடிக்குக் கம்பெனிகள் வந்தன. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காது, மூன்றாம் வருஷத்திலிருந்து பணம் என்று துண்டறிக்கை ஊரெல்லாம் போயிற்று. நமக்குக் காட்டாமணக்கு புதிதா? சின்ன வயசில் இலைக்காம்பை ஒடித்து, கசியும் பாலை வளையத்தில் பிடித்து, ஊதிக் குமிழி விட்டிருக்கிறோம். வேலியில் நிற்கும் செடி. வேலியில் தண்ணீர் கேட்காமல் நின்றது உண்மை. ஆனால் தண்ணீர் கேட்காமல் உயிரோடு இருப்பது வேறு, தண்ணீர் கேட்காமல் காய்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தை எந்த உழவரும் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

2010-இல் பெரே அரிசா மொந்தொப்பியோ, ஷரச்சந்திர லேலே என்ற ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் காட்டாமணக்குப் போட்டவர்களை விசாரித்து எழுதினார்கள். சொன்ன மகசூல் வரவில்லை. பாசனம் இருந்தவருக்கு ஏதோ தேறியது. மானாவாரிக்காரருக்கு ஒன்றும் இல்லை. வசதி உள்ளவருக்குச் சாதகமான பயிர், இல்லாதவரை மேலும் ஏழையாக்கியது என்பது அவர்கள் முடிவு. நிலக்கடலை போட்ட மண்ணில் காட்டாமணக்கு வந்தால் என்னென்ன போகிறது என்று யோசியுங்கள். வீட்டுக்கு எண்ணெய், பிள்ளைகளுக்குத் தின்பண்டம், மாட்டுக்குக் கடலைக்கொடி, களை எடுக்கவும் காய் ஆயவும் வரும் பெண்களுக்கு நாள் கூலி. இவ்வளவும் போய், ஆடும் தின்னாத ஒரு செடி. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கடலைக்குப் போனார்கள்.

இதில் என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு ஜெனிபர் பாக்கா என்பவருடையது. ராபர்ட் பெய்லிஸோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்டார். விருதுநகர் மாவட்டம் சாத்தூர்ப் பக்கம் போய், தரிசு என்று அரசு சொன்ன நிலத்தில் ஏற்கெனவே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தார். சீமைக்கருவேலம் வெட்டுகிறார்கள். வீட்டு அடுப்புக்குப் போகிறது, மூட்டம் போட்டுக் கரியாகிறது, ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் போகிறது. ஆக அங்கே ஓர் உயிரி ஆற்றல் பொருளாதாரம் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதை அழித்து அந்த இடத்தில்தான் காட்டாமணக்கு என்னும் உயிரி ஆற்றலை நடப் பார்த்தார்கள். இரண்டிலும் கிடைக்கும் பயனுள்ள ஆற்றலை அளந்தார்கள். சீமைக்கருவேலத்தில் வருவது காட்டாமணக்கில் வருவதைப் போல இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்கு வரை. தரிசு என்ற ஒரு சொல் இருந்ததால் இருந்ததைப் பார்க்க முடியாமல் போயிற்று.

ஆனால் இருந்த பொருளாதாரத்தைப் போற்றிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. அந்த விறகை யார் வெட்டினார்கள்? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்டார்கள். இருளர் மக்கள். அதில் குழந்தைகளும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்காக ஆண்டுக்கணக்கில் வேலை. மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படம் செய்தித்தாள்களில் வந்தது, பார்த்திருப்பீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நிலக்கரியை விட மரம் தூய்மையானது என்று எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், வெட்டிய கை யாருடையது, அந்தக் கைக்குக் கூலி போனதா என்ற வரி அதில் இல்லாவிட்டால் அந்தத் தூய்மையை நான் ஏற்கமாட்டேன்.

கடற்கரைப் பக்கம் கொஞ்சம் போகலாம். மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் தாண்டி மணல் பூமியெல்லாம் சவுக்கு. அது அங்கே தானாக முளைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் எஞ்சினுக்கும் சென்னை நகரத்து அடுப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த மாகாணத்துக் கரையோரங்களில் சவுக்குத் தோப்பு எழுந்தது. இன்றைய மொழியில் ஆற்றல் தோட்டம். இது ஓரளவு நன்றாகவே நடந்தது. சொந்தப் பட்டாவில் வைக்கலாம், நான்கைந்து ஆண்டில் வெட்டலாம், விறகு விலை இறங்கினால் கம்பாகவோ காகிதக் கூழுக்கோ விற்கலாம். கீழே விழும் சருகையும் சவுக்கு மிலாறையும் கூட்டி எடுக்க யாரும் தடை சொன்னதில்லை. மீனவக் குப்பத்துப் பெண்கள் கூடையோடு வந்து வாரிப் போவார்கள். சுனாமியில் தோப்புகள் அலையின் வேகத்தைத் தணித்ததையும் கண்டோம். குறையும் உண்டு. சென்னையில் இருந்துகொண்டு இங்கே நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சவுக்கு வசதி, ஆள் வைக்க வேண்டாம். ஆள் வேண்டாத பயிர் என்றால் கூலிக்காரருக்கு வேலை இல்லாத பயிர் என்று அர்த்தம். ஒரே மரத்துக்குள் இரண்டு கதையும் இருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மரத்தின் கையில் இல்லை.

எத்தனாலைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 2013-14-இல் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை விழுக்காடு. 2030-க்கு என்றிருந்த 20 விழுக்காட்டு இலக்கை 2025-க்கு முன்கொண்டுவந்து, எட்டியும்விட்டார்கள். அந்நியச் செலாவணி மிச்சம். ஆலைகளுக்குப் பணம் வந்ததால் பல மாநிலங்களில் கரும்பு நிலுவை குறைந்தது. நல்லதுதான். ஆனால் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் வர ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவு என்கிறது. 35 லிட்டர் பிடிக்கும் ஒரு காரின் டேங்கில் எத்தனால் 7 லிட்டர். தண்ணீர் 20,000 லிட்டர். பாலாற்றில் மணலும் போய், ஊற்றும் போய், ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆண்டுக்கு ஆண்டு குழாய் இறக்கிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த 20,000 என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதே 7 லிட்டரை அரிசியிலிருந்து எடுத்தால் சுமார் 15 கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மூன்று பேரின் ஒரு மாத ஒதுக்கீடு ஒரு டேங்கில் அடங்கிவிடுகிறது. 2025-இல் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தது. கிடங்கில் அரிசி நிறைய இருக்கும் வருஷத்தில் இது யாருக்கும் உறைக்காது. மழை பொய்க்கும் வருஷத்திலும் ஆலைகள் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கும். மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்குத் தவித்ததை இப்போதே பார்த்துவிட்டோம்.

சாண எரிவாயு பற்றி நல்லபடியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல தொழில்நுட்பம்தான். புகை இல்லை, சாணமும் வீணாவதில்லை, கரைசல் உரமாகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கலம் கட்டினார்கள். நீல நிறத்தில் அந்தத் தீ எரிவதைப் பார்க்க என் அம்மா போய்வந்தார். வீட்டுக்கு வந்து, "நாலஞ்சு மாடு இருக்கறவங்களுக்குத்தான்டா அது" என்றார். இரண்டு கன மீட்டர்க் கலத்துக்கு நாளைக்கு 50 கிலோ சாணம் வேண்டும். எங்களிடம் ஒரு மாடு. அதன் சாணத்தில்தான் வறட்டி தட்டி விற்று எனக்கு நோட்டு வாங்கினார். மானியம் மாட்டின் எண்ணிக்கையைப் பார்த்து வந்தது. மாடு நிறைய உள்ளவருக்கு மானியமும் கிடைத்தது. தெருச் சாணத்தைப் பொறுக்க வருகிறவர்களை விரட்டும் வழக்கமும் வந்தது. பத்து வீட்டுக்குப் பொதுக் கலம் என்று கட்டியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அப்படிச் சேர்ந்து செய்வது நமக்கு ஆகாத காரியம் அல்ல. வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். பாம்புத்தோல் வணிகத்தைச் சட்டம் தடுத்தபோது இருளர்களின் பிழைப்பு ஒரே நாளில் போயிற்று. 1978-இல் அவர்களே உறுப்பினராக இருக்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்த நாட்டுக்கு வேண்டிய விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி அந்த விஷத்தில்தான் தயாராகிறது. பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தார். அந்த வேலையைத் தெரிந்தவர்கள் கையிலேயே சங்கம் இருந்ததால் அது நடந்தது. நம் மாவட்டத்து ஏரிகளில் வேலிகாத்தானை வெட்டி அகற்ற இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அந்த வேலையை, அந்த மரத்தை, அந்தத் தூள் விற்ற பணத்தை இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உள்ளூர் மகளிர் குழுக்களுக்கும் கொடுக்க ஏலச் சட்டத்தில் வழி செய்ய முடியாதா? சிப்பர் இயந்திரம் அவர்களுடையதாக இருக்கட்டும். முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கிற தரகருக்கு அங்கே இடம் இருக்காது.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்றையும் முயன்று பார்த்தோம். அந்த ஏரிக்கரை அம்மாவோடும் இன்னும் ஏழெட்டுப் பேரோடும் உட்கார்ந்து, அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதினோம். ஏல நிபந்தனையில் சேர்க்க வேண்டிய ஒரே ஒரு வரி. ஏரிப் புறம்போக்கில் மரம் ஏலம் விடும்போது, வெட்டியதில் இரண்டு விரல் கனத்துக்கு உட்பட்ட மிலாறும், சருகும், நெற்றும் ஊர்ப் பொதுவுக்கு உரியவை. ஏலம் எடுத்தவர் அவற்றை இயந்திரத்தில் போடவோ ஏற்றிச் செல்லவோ கூடாது. வெட்டிய நாளிலிருந்து பதினைந்து நாள் எடுத்துக்கொள்ள அவகாசம். நான் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினேன்.

அந்த அம்மா ஒரு மிலாறை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். வெந்நீர்ப் பானைக்கு இது ஒரு மூச்சு கூட நின்று எரியாது என்றார். "ரெண்டு வெரலு இல்ல சார், மூணு வெரலுன்னு எய்து."

மாற்றி எழுதினேன்.